குழாயின் முறுக்கு உரைக்கும் செய்தி

சந்தையில் மண்பானை வாங்கும் மூதாட்டி பானையைக் கண்ணால் பார்த்ததோடு அமைவதில்லை. அதனை ஒரு கையில் ஏந்தி, மற்றொரு கையின் விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டுகிறாள். கணீரென்று ஒலித்தால் கூடையில் வைக்கிறாள். கரகரத்தால் கடைக்காரரிடமே திருப்பித் தருகிறாள். கண்ணுக்குப் புலப்படாத கீறலைக் காது கண்டுபிடித்துவிடுகின்றது. புகைவண்டி நிலையங்களில் நீண்ட பிடியுள்ள சுத்தியலால் சக்கரங்களைத் தட்டிச் சென்ற தொழிலாளியும் இதே கலையைத்தான் கையாண்டார். பொருளை அதிரச் செய்து, அவ்வதிர்வு திரும்பக் கூறும் செய்தியைக் கேட்பது என்பதே அக்கலை.

பானைக்குப் பொருந்தும் இம்முறை, பல மைல் நீளத்திற்கு மண்ணுக்குள் புதைந்து கிடக்கும் எஃகுக் குழாய்க்குப் பொருந்துமா? அதற்கு எந்த வகை அதிர்வு ஏற்றது? அவ்வதிர்வைத் தருவது யார்? கேட்பது யார்? பொறியியலாரும் கணித அறிஞரும் நூறாண்டுகளுக்கு மேலாகத் தொடர்ந்து வந்திருக்கும் ஆராய்ச்சி இவ்வினாக்களுக்கு விடை தருகின்றது.

குழாயின் கேடு வெளியில் தெரியாது என்பதைக் கிந்தா பள்ளத்தாக்கின் மக்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. ஈப்போவுக்கும் பத்து காஜாவுக்கும் இடையிலுள்ள லகாட் வட்டாரத்தில் ஈயச் சுரங்கங்கள் நடைபெற்ற நாளில், மணலும் பரலும் கலந்த சேற்றுநீரை எஃகுக் குழாய்களே மேலேற்றின. மணல் செல்லும் குழாய் உள்ளேதான் தேயும்; அதிலும் அடிப்பக்கமே மிகுதியாகத் தேயும். வெளியே வண்ணம் மாறாமல் இருக்க, உள்ளே சுவர் தகடுபோல் மெலிந்திருக்கும். 1985-ஆம் ஆண்டில் ஈயச் சந்தை வீழ்ந்தபின் அச்சுரங்கங்கள் ஒவ்வொன்றாய் மூடப்பட்டன. ஆயினும் குழாய்களின் காலம் முடிந்துவிடவில்லை. இன்று எரிவாயுவும் எண்ணெயும் குடிநீரும் மக்கள் வாழும் தெருக்களின் அடியிலேயே குழாய்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

உள்ளரிப்பின் விளைவு எத்தகையது என்பதற்கு ஒரு சான்று போதும். 2014-ஆம் ஆண்டு ஜூன் 27 அன்று விடியற்காலையில், ஆந்திர மாநிலத்தில் அந்நாளைய கிழக்குக் கோதாவரி மாவட்டத்தைச் சேர்ந்த நகரம் என்னும் சிற்றூரில் எரிவாயுக் குழாய் ஒன்று வெடித்தது. அதனால் இருபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அக்குழாய் அரிக்கப்பட்டிருந்தது. அவ்வூரார் நாள்தோறும் நடந்து சென்ற மண்ணின் கீழேயே அவ்வரிப்பு வளர்ந்தது.

இருவகை அலைகள்

திடப்பொருளினுள் இருவகை அலைகள் செல்லும். பொருளின் துகள்கள் அலை செல்லும் திசையிலேயே முன்னும் பின்னும் அசைந்தால் அது நெட்டலை. துகள்கள் அலை செல்லும் திசைக்குக் குறுக்கே அசைந்தால் அது குறுக்கலை. முன்னதில் பொருள் நெருங்கியும் விலகியும் நிற்கின்றது. பின்னதில் நெருக்கமில்லை; ஓர் அடுக்கு அடுத்த அடுக்கின்மேல் சிறிது சறுக்கி மீள்கின்றது. மேசைமேல் பத்துப் பாடநூல்களை அடுக்கி, மேல்நூலைப் பக்கவாட்டில் மெல்லத் தள்ளினால் அடுக்கு முழுதும் சாய்கின்றதன்றோ? பாடநூல்கள் சறுக்குப் பெயர்ச்சி என்று கூறுவது இதனையே. ஆகவே குறுக்கலையைச் சறுக்கலை என்றும் வழங்கலாம்.

இவ்விரண்டும் வேறு வேறானவை என்பதை இயற்கையே ஒரு பேரிடர் வாயிலாக மெய்ப்பித்தது. 1897-ஆம் ஆண்டு ஜூன் 12 அன்று அஸ்ஸாமில் பெரும் நிலநடுக்கம் நேர்ந்தது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ரிச்சர்டு டிக்ஸன் ஓல்டம் அதனை ஆராய்ந்தார். தொலைநாடுகளிலிருந்த கருவிகளின் பதிவுகளில் முதலில் வந்த நெட்டலை, அடுத்து வந்த சறுக்கலை, இறுதியில் நிலப்பரப்பின் வழியே வந்த அலை என மூன்றையும் அவர் பிரித்துக் காட்டினார். பூமியின் நடுவே வேறுபட்டதொரு கரு உண்டு என்று 1906-ஆம் ஆண்டில் காட்டியவரும் அவரே. அக்கருவின் வெளிப்பகுதி உருகிய திரவம் என்பதற்குச் சறுக்கலை அதனைக் கடந்து செல்லாமையே இன்று பெருஞ்சான்றாக விளங்குகின்றது.

காரணம் எளிது. சறுக்கிய அடுக்கைத் திரும்ப இழுக்கும் விறைப்பு திடப்பொருளுக்கு உண்டு. திரவத்திற்கும் வாயுவிற்கும் இல்லை. நூலடுக்கைத் தள்ளினால் அது சாய்ந்து நிற்கும். நீரைத் தள்ளினால் ஓடிவிடும். ஆதலால் நீரினுள் நெட்டலையாகிய ஒலி செல்லும், சறுக்கலை செல்லாது. பூமியின் கருவை உணர்த்திய இவ்வுண்மையே குழாய்க்கும் துணைசெய்கின்றது.

குழாய் முறுகும் வகை

உருளை வடிவப் பொருளில் சறுக்கலை முறுக்கு வடிவத்தை மேற்கொள்ளும். ஈரத்துணியைப் பிழிபவர் இரு முனைகளையும் எதிர்த்திசையில் திருகுவதுபோல, குழாயின் ஒரு வளையப் பகுதி சற்றே திரும்பி மீள, அடுத்த பகுதி அதனைத் தொடர, அத்திருகல் குழாயின் நீளத்திற்கு ஓடுகின்றது. இதுவே முறுக்கலை. கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய திருகல் அது.

உருளைகளில் அலைகள் செல்லும் கணிதத்தை 1876-ஆம் ஆண்டில் ஜெர்மானியக் கணித அறிஞர் லியோ பொக்ஹாமர் திடத் தண்டுக்கு வகுத்தார். உட்புறம் வெறுமையான குழாய்க்கு அதனை 1959-ஆம் ஆண்டில் டீனோஸ் கேஸிஸ் விரித்துரைத்தார். குழாயில் ஓடக்கூடிய அலை வகைகள் மிகப் பல. அவற்றுள் பெரும்பாலானவை, அதிர்வெண் மாறினால் வேகமும் மாறும் இயல்புடையவை. அத்தகைய அலை புறப்படும்போது குறுகிய துடிப்பாக இருக்கும். போகப் போகச் சிதறி நீண்டுவிடும். எதிரொலி எங்கிருந்து வந்தது என்று துணிவது அப்போது அரிதாகும்.

முறுக்கலைகளுள் முதல் வகை இக்குறையில்லாதது. எந்த அதிர்வெண்ணிலும் அதன் வேகம் ஒன்றே. குழாய் பெரிதாயினும் சிறிதாயினும் வேகம் மாறுவதில்லை. எஃகின் சறுக்கு விறைப்பு ஏறத்தாழ 8,000 கோடி பாஸ்கல். அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 7,850 கிலோகிராம். முன்னதைப் பின்னதால் வகுத்து வர்க்கமூலம் கண்டால் வினாடிக்கு ஏறத்தாழ 3,200 மீட்டர் என வருகின்றது. இதுவே அம்முறுக்கலையின் வேகம். எதிரொலி வினாடியில் இருநூற்றில் ஒரு பங்கில் திரும்பினால், அலை போய்வந்த தொலைவு 16 மீட்டர். குறை இருப்பது 8 மீட்டருக்கு அப்பால். ஏழாம் வகுப்பு மாணவரும் இக்கணக்கைப் போட்டுவிடலாம்.

இதற்கு வேறு இரு நலன்களும் உண்டு. குழாய்ச் சுவரின் முழுத் தடிப்பும் சேர்ந்தே திரும்புவதால், அரிப்பு உட்புறத்தில் இருந்தாலும் வெளிப்புறத்தில் இருந்தாலும் அலை அதனை உணரும். மேலும், உள்ளே ஓடும் நீரோ வாயுவோ சறுக்கலையை ஏற்காது. ஆதலால் அலையின் ஆற்றல் உள்ளே சென்று வீணாவதும் மிகக் குறைவு. குழாயின் ஓட்டத்தை நிறுத்தாமலே சோதனை செய்யலாம் என்பதற்கு அடிப்படை இதுவே.

தோரமல்லியும் பீங்கானும்

குழாயைத் திருகும் கை எது? இங்கே உணர்பொருள்கள் என்னும் புதுமைப் பொருள்கள் வருகின்றன. அவற்றின் கதைக்கு இலங்கையில் ஒரு தொடக்கம் உண்டு. தோரமல்லி என்னும் மணிக்கல்லைப் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சு வணிகர் இலங்கையிலிருந்து ஐரோப்பாவிற்குக் கொண்டு சென்றனர். அனலில் வைத்த அக்கல் சாம்பலைத் தன்பால் இழுப்பது கண்டு வியந்து, அதனைச் சாம்பல் இழுப்பான் என்றே அழைத்தனர். ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் டூர்மலின் என்ற பெயர் சிங்களச் சொல்லாகிய தோரமல்லியிலிருந்தே பிறந்தது.

சூடேற்றினால் மின்னேற்றம் காட்டிய அக்கல், அழுத்தினாலும் காட்டுமோ? 1880-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் ஜாக் கியூரி, பியேர் கியூரி என்னும் உடன்பிறந்தார் தோரமல்லி, படிகக்கல் முதலியவற்றை அழுத்தி, அவற்றின் முகங்களில் மின்னேற்றம் தோன்றுவதைக் கண்டனர். மின்னழுத்தம் தந்தால் கல் வடிவம் மாறவேண்டும் என்று 1881-ஆம் ஆண்டில் காப்ரியேல் லிப்மன் கணிதவழி கூறினார். கியூரி சகோதரர் அதனையும் செய்து காட்டினர். ஆகவே ஒரே பொருள் மின்சாரம் பெற்றால் அசையும். அசைத்தால் மின்சாரம் தரும். வாயும் செவியும் அதற்கு ஒன்றே. இவ்வியல்பை அழுத்தமின் விளைவு என்பர். 1950-களில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஆராயப்பட்ட ஈய-ஜிர்க்கோனிய-டைட்டேனியப் பீங்கான், இவ்விளைவை மிக வலிமையாகக் காட்டியதால் தொழிற்சாலைகளில் இடம்பெற்றது.

இத்தகைய பீங்கான் துண்டுகளை ஒரு பட்டையில் வரிசையாகப் பதித்து, குழாயைச் சுற்றி வளையல்போல் அணிவிக்கின்றனர். காற்றூதிய பை அவற்றைக் குழாயோடு இறுக்குகின்றது. மின்துடிப்பு வந்ததும் எல்லாத் துண்டுகளும் ஒரே நேரத்தில் குழாயின் மேற்பரப்பை ஒரே சுற்றுத் திசையில் தேய்த்துத் தள்ள, முறுக்கலை இருபுறமும் ஓடுகின்றது. பின்பு அதே துண்டுகள் எதிரொலிக்குக் காத்திருக்கின்றன. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஆராய்ச்சியாளர் 1990-களில் இம்முறையைத் தொழிலுக்கு ஏற்றதாக ஆக்கினர். பற்றவைத்த மூட்டு குழாயைச் சுற்றிலும் ஒரேபடியாக இருப்பதால் சீரான எதிரொலி வரும். அரிப்போ ஒருபக்கமாக இருப்பதால் எதிரொலியில் குழாய் வளையும் அசைவும் கலந்து வரும். இவ்வேறுபாட்டைக் கொண்டே மூட்டினையும் புண்ணையும் பிரித்தறிகின்றனர்.

அடுக்குகள் செய்யும் மாயம்

இதுவரை கூறியது வெறுங்குழாயின் கதை. மண்ணில் புதைக்கும் குழாய் வெறுங்குழாயன்று. துரு ஏறாதிருக்கத் தாரோ பிளாஸ்டிக்கோ பூசுவர்; சில இடங்களில் அதன்மேல் கான்கிரீட்டும் போர்த்துவர்; அனைத்திற்கும் மேலே மண். எனவே அது பல அடுக்குள்ள உருளை. வெறுங்குழாயில் பல பத்து மீட்டர் சென்ற அலை, தடித்த தார் பூசிப் புதைத்த குழாயில் சில மீட்டரிலேயே ஓய்ந்துவிடுவதுண்டு. ஏன்?

அடுக்குகளில் சறுக்கலையின் போக்கை 1911-ஆம் ஆண்டில் ஆங்கில அறிஞர் லவ் விளக்கினார். கீழே பாறை, மேலே மண் என்று கொள்வோம். சறுக்கலை பாறையில் விரைந்தும் மண்ணில் தாழ்ந்தும் செல்லும். அப்போது அலை மெதுவான மேலடுக்கிலேயே சிறைப்பட்டு, நிலப்பரப்பை ஒட்டி நெடுந்தொலைவு ஓடும். நிலநடுக்கத்தில் வீடுகளைப் பக்கவாட்டில் ஆட்டும் அலை இதுவே. இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது. மெதுவான இடமே அலைக்குச் சிறை என்பது இதன் சாரம்.

குழாயில் நிலைமை தலைகீழ். எஃகில் அலை விரைவு. தாரிலும் மண்ணிலும் மெதுவு. ஆகவே எஃகில் ஓடும் அலை வெளியடுக்குகளுக்குக் கசிந்துகொண்டே செல்கின்றது. அன்றியும் தார் முழுத் திடமுமன்று, முழுத் திரவமுமன்று. தன்னை அசைத்த ஆற்றலில் ஒரு பங்கை வெப்பமாக்கி விழுங்கிவிடும். வெறுங்குழாய்க்கு வெளியே காற்றுத்தான் உண்டு; அது சறுக்கலையை ஏற்காதென்பதால் அங்கே அலை தப்பித்தது. குழாயைத் துருவினின்று காக்கும் போர்வையே, துருவைப் பற்றிய செய்தியையும் மறைக்கின்றது! இம்முரண்பாட்டைத் தீர்க்கவே அடுக்கு உருளையின் கணிதம் தேவையாகின்றது. எந்த அடுக்கு எவ்வளவு தடிப்பு, எந்த அதிர்வெண்ணில் இழப்பு எவ்வளவு என்று முன்கூட்டிக் கணித்தால்தான், சோதனைக் குழிகளை எத்தனை மீட்டருக்கு ஒன்றாகத் தோண்டவேண்டும் என்று முடிவு செய்யலாம்.

உணர்பொருளே ஓர் அடுக்காகும்போது மற்றொரு நுட்பம் சேர்கின்றது. அழுத்தமின் பொருள் சறுக்கும்போது அதனுள் மின்புலம் பிறக்கின்றது; அம்மின்புலம் சறுக்கை எதிர்க்கின்றது. அதனால் அப்பொருள் முன்னினும் விறைப்பாகின்றது. மிக வலிமையான சில பீங்கான்களில் இவ்விறைப்பு ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்காகவும் உயரும். ஆகவே அவ்வடுக்கின் இரு முகங்களிலுமுள்ள மின்தகடுகளைக் கம்பியால் இணைத்தால் அலை ஒரு வேகத்திலும், இணைப்பை நீக்கினால் வேறு வேகத்திலும் செல்லும். சாதாரணத் திடப்பொருளில், மேலே ஓர் அடுக்கு இல்லாமல், பரப்புக்கு இணையாக அசையும் சறுக்கலை பரப்பை ஒட்டி நிற்காது. அழுத்தமின் பொருளில் அடுக்கில்லாமலே ஒட்டி நிற்கும் என்று 1968-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் புளூஸ்டைனும், 1969-ஆம் ஆண்டில் ரஷ்யாவில் குல்யாயெவும் தனித்தனியே காட்டினர்.

குழாயிலேயே நிலையாக ஒட்டிவைக்கும் உணர்கருவிகளுக்கு இவ்வாராய்ச்சி இன்றியமையாதது. அங்கே எஃகு ஓர் அடுக்கு, பசை ஓர் அடுக்கு, பீங்கான் ஓர் அடுக்கு. வெயிலிலும் மழையிலும் பசை தளர்ந்தால் அடுக்குகள் ஒன்றாய்ச் சறுக்காமல் தனித்தனியே சறுக்கும். அலையின் அளவும் வேகமும் மாறும். கருவியின் தளர்ச்சியைக் குழாயின் நோயென்று எண்ணிவிடலாம். அதனினும் கொடிது, எதிரொலி வராமையைக் குழாயின் நலமென்று எண்ணிவிடுவது. பேசாத செவிலியை நம்பி நோயாளியைக் கைவிடுவது போன்றது அது.

தமிழகத்தில் இத்துறை

சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பொருளைச் சிதைக்காமல் சோதிக்கும் முறைகளுக்கென்றே ஓர் ஆய்வு மையம் உண்டு. பேராசிரியர் கிருஷ்ணன் பாலசுப்பிரமணியமும் உடன் ஆராய்வோரும் தண்டுகளிலும் கம்பிகளிலும் குழாய்களிலும் செல்லும் அலைகளை நெடுங்காலமாக ஆராய்ந்து வருகின்றனர். மெல்லிய உலோகக் கம்பியின் ஒரு முனையைச் சூளையினுள்ளோ திரவத்தினுள்ளோ செலுத்தி, மறுமுனையிலிருந்து நெட்டலையும் முறுக்கலையும் அனுப்பி, அவை திரும்பும் வகையைக் கொண்டு வெப்பத்தையும் திரவத்தின் பாகுத்தன்மையையும் அறியும் முறைகள் அங்கே உருவாயின. அக்கழகத்தில் தோன்றிய ஆராய்ச்சி, தொழிற்சாலைக் குழாய்களைக் கண்காணிக்கும் நிறுவனமாகவும் வளர்ந்திருக்கின்றது.

அலையால் அறிய இயலாதவை

எந்த மருத்துவச் சோதனைக்கும் எல்லை உண்டு, இதற்கும் உண்டு. 32,000 அதிர்வெண்ணுள்ள முறுக்கலையின் அலைநீளம் 10 சென்டிமீட்டர். ஆகவே ஊசிமுனைத் துளையை அது காணாமல் போகலாம்; சுவரின் குறுக்குப் பரப்பில் குறிப்பிடத்தக்க பங்கு தேய்ந்திருந்தால்தான் தெளிவாகச் சொல்லும். வளைவுகளைக் கடந்தபின் எதிரொலி குழம்பும். திருகாணி பூட்டிய விளிம்பு மூட்டைத் தாண்டி அலை செல்லாது. எனவே முறுக்கலை ஐயமுள்ள இடத்தைச் சுட்டும். அங்கே தோண்டி, சுவரின் தடிப்பை நேரில் அளந்தே முடிவு கூறவேண்டும்.

குழாயின் கேடுகள் யாவும் அரிப்பினால் வருவன அல்ல என்பதையும் மறத்தலாகாது. 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் 1 அன்று, சிலாங்கூர் மாநிலத்துப் புத்ரா ஹைட்ஸில் எரிவாயுக் குழாய் வெடித்துப் பெருந்தீ எழுந்தது. பலர் காயமுற்றனர், வீடுகள் பல எரிந்தன. குழாயைத் தாங்கிய மண் வலுவிழந்தமையையே விசாரணை சுட்டிக்காட்டியது. குழாயைக் கேட்பது போலவே, குழாய் படுத்திருக்கும் மண்ணையும் கேட்க வேண்டும் என்பது அந்நிகழ்ச்சி புகட்டும் பாடம்.

வகுப்பறையில் ஒரு சோதனை

இவ்வளவையும் விளக்கப் பெரிய கருவி தேவையில்லை. ஒரு முழ நீளமுள்ள தடித்த ரப்பர்க் குழாயின்மேல் சுண்ணக்கட்டியால் சதுரக் கட்டங்கள் வரைக. ஒரு முனையை ஒரு மாணவர் பிடித்திருக்க, மறுமுனையை இன்னொருவர் திருகட்டும். சதுரங்கள் சாய்சதுரங்களாகும், குழாயின் நீளமோ பருமனோ ஏறக்குறைய மாறாது. அதுவே சறுக்கு. பின்பு குழாயின் நடுவே ஈரத்துணியை இறுகச் சுற்றித் திருகினால், துணியையும் சேர்த்துத் திருக வேண்டியிருப்பதைக் கை உணரும். அதுவே அடுக்கின் பாடம்.

பானையைத் தட்டிய மூதாட்டி ஒலியை மட்டும் கேட்கவில்லை. பானை ஈரமாயிருந்தால் ஒலி மாறும், நீர் நிறைந்திருந்தால் மாறும் என்பவற்றையும் அறிந்தே கேட்டாள். அதனாலேயே அவளுடைய காது பொய்க்கவில்லை. மண்ணுக்கடியில் கிடக்கும் குழாயின் முறுக்கையும், அதன்மேல் போர்த்திய ஒவ்வோர் அடுக்கின் இயல்பையும் அறிந்து கேட்பவர்க்கே அது உண்மை உரைக்கும். கேட்பவர் தவறாகக் கேட்டால், அதன் விலையைக் கொடுப்போர் மேலே வீடு கட்டி உறங்குவோரே.